பதில் விளக்கு

1

ஓட்டல் மொட்டைமாடியில் நின்றுகொண்டு, சில்லென்ற காற்றில் சூரியன் இறங்குவதைப் பார்க்கிறவனுக்கு என்ன பயம் வந்துவிடப் போகிறது என்று ஊரில் இருக்கிறவர்கள் கேட்பீர்கள். போன லீவில் கேரள எல்லைக்குள் இருக்கிற நம் எருத்தேன்பதிக்கு வந்தபோது என் அக்கா வீட்டுக்காரர் கேட்கவே செய்தார். "மாப்ள, துபாயில மாடி மேல நின்னு ஊரையே பாத்துட்டு நிக்கறீங்களாமா? குடுத்து வெச்ச ஆளுங்க நீங்க" என்றார். நான் பல்லைக் காட்டிவிட்டுப் பேச்சை மழைக்கு மாற்றிவிட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார். ஆகவே எழுதுகிறேன். நீங்கள் சிரித்தால் எனக்குக் கேட்காது.

நான் வேலை செய்கிற ஓட்டல் இந்த ஊரின் உயரமான கட்டடங்களில் ஒன்று. கீழே கிரீக் என்று சொல்லும் கடற்கழி. அதில் மரத்தோணிகள் மூட்டைகளோடு வரிசையாகக் கட்டிக் கிடக்கும். அக்கரையில் காற்றுக் கோபுரம் வைத்த பழைய வீடுகள், அவற்றுக்குப் பின்னால் பள்ளிவாசல், அதற்கும் பின்னால் கடல். வெயில் காலத்தில் மொட்டைமாடிக்கு யாரும் வரமாட்டார்கள், நின்றால் செருப்பு உருகும். குளிர் மாதங்களில் மட்டும் அங்கே மேஜை போட்டு சாப்பாடும் மதுவும் பரிமாறுவார்கள். எண்ணெய்க் கம்பெனி வெள்ளைக்காரர்கள் மனைவிமாரோடு வந்து மேற்கே பார்த்து உட்காருவார்கள். சூரியன் தண்ணீரைத் தொட்டதும் கைதட்டுவார்கள். போகிற சூரியனைக் கைதட்டி அனுப்புகிற ஜனங்களை நான் இங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

நான் ஸ்டோர் கீப்பர். அரிசி, பருப்பு, எண்ணெய், ஐஸ் எல்லாம் என் பொறுப்பு. மாடியில் ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு கண்ணாடி விளக்கு உண்டு. அவற்றுக்கு எண்ணெய் ஊற்றித் திரி கிள்ளி ஏற்றி வைப்பதும் என் வேலை என்று ஆகிவிட்டது. அதனால் தினமும் பொழுது சாயும் நேரத்தில் நான் அந்த மாடியில் இருக்கிறேன். தினமும் பயப்படுகிறேன். உயரம் பயம். லிப்ட் பயம். எல்லாவற்றையும்விட அந்த நேரமே பயம்.

2

எனக்கு இந்தப் பயம் பிடித்தது ஆனைகட்டியில், என் மனைவியின் ஊரில். நான் பிறந்த பக்கம் நெல்வயல், தென்னை, வாய்க்கால். அங்கே அந்தி என்றால் மாட்டைப் பிடித்துக் கட்டுவதும், கை கால் கழுவுவதும்தான். கல்யாணம் ஆகி மயிலாத்தாளின் ஊட்டுக்கு விருந்துக்குப் போன இடத்தில்தான் அந்திக்கு வேறு ஒரு முகம் உண்டு என்று தெரிந்தது. அவர்களுக்கு மலையடிவாரத்தில் சோளக்காடு. கதிர் பால் பிடித்துவிட்டால் யானை இறங்கும். பொழுதோடு ஆண்பிள்ளை ஒருத்தர் காட்டுக்குள் பரணில் ஏறியே ஆக வேண்டும்.

மாமனாருக்கு அன்றைக்குக் காய்ச்சல். "மாப்ள, உங்களுக்குச் சிரமம் வேண்டாமுங்க, நானே போயிக்கறன்" என்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிளம்பினார். புது மாப்பிள்ளை சும்மா இருக்க முடியுமா? வீராப்பாக நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று இன்னொரு முறை சொல்வார் என்று பார்த்தேன், சொல்லவில்லை. அவர் சொன்னது இதுதான்: "ஆனை வந்தா அது பாட்டுக்குத் தின்னுட்டுப் போயிருமுங்க. நீங்க மட்டும் எறங்கி ஓடிராதீங்க. இருட்டுக் கட்டுனதீம் லாந்தரைத் தூக்கிக் காட்டுங்க. ஊட்டுல இருந்து பதில் காட்டுவாங்க."

புளியமரத்துப் பரணில் ஏறி உட்கார்ந்தேன். மலை சிவந்து, பிறகு நீலமாகி, பிறகு கறுத்தது. அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால் கீழே எங்கோ ஒரு மூங்கில் படாரென்று ஒடிந்தது. புளியங்கிளையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். லாந்தரை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கினேன். காட்டுக்கு அந்தப் பக்கம், ஊட்டு வாசலில், ஒரு வெளிச்சம் மெதுவாக எழும்பியது. அதைப் பிடித்திருந்தவள் என் பெண்டாட்டி. அதுவரைக்கும் அவள் என்னோடு சரியாக நாலு வார்த்தைகூடப் பேசியதில்லை. ஆனால் அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மரத்தின் மேல் இருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

மறுநாள்தான் அவர்கள் ஊட்டு வழக்கத்தை அவளே சொன்னாள். இரண்டு பக்கமும் தூக்க வேண்டும். எதிர்ப்பக்கம் வெளிச்சம் தெரியாமல் தன் விளக்கை இறக்கக் கூடாது. தெரிந்த பிறகு மெதுவாக இறக்கிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாம்.

"தெரியலீன்னா?" என்றேன்.

"தெரியறவரைக்கும் புடிச்சுட்டு நிக்கோணுமுங்க" என்றாள்.

அவள் நின்றிருக்கிறாள். பாவாடை கட்டிய வயதில் ஒரு சாயங்காலம், அவள் அண்ணன் இருந்த பரணிலிருந்து விளக்கு எழும்பவில்லை. எண்ணெய் தீர்ந்திருக்கும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அவள் மட்டும் வாசலை விட்டு நகரவில்லை, ஒரு கை வலித்தால் மறு கைக்கு மாற்றிக்கொண்டு நின்றாள். விடிந்ததும் போய்ப் பார்த்தால் பரண் சாய்ந்து கிடந்தது. அதன் அடியில் கால் ஒடிந்து அண்ணன். பிழைத்துக்கொண்டார். இன்றைக்கும் விந்தி விந்திதான் நடப்பார். "உன்ர வெளக்குத் தெரிஞ்சுட்டே இருந்துச்சு அம்மிணி, அதைப் பாத்துட்டேதான் கெடந்தேன்" என்று அவளிடம் சொன்னாராம். அதன் பிறகு அவளிடம் அந்த வழக்கத்தைப் பற்றி யாரும் வாதாட முடியாது. நானும் முயன்றதில்லை.

3

எமர்ஜென்சி வந்த வருஷம் நான் விமானம் ஏறினேன். பாஸ்போர்ட் வாங்குவதற்குள் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம். வில்லேஜ் ஆபீசில் மலையாளத்தில் கேட்டார்கள், நான் தமிழில் யோசித்து மலையாளத்தில் பதில் சொன்னேன். எழுதியவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "பாண்டியாணோ?" என்றார், தமிழனா என்று. கோயம்புத்தூரில் பெட்டி வாங்கப் போனால் கடைக்காரர் என்னை மலையாளத்தான் என்றார். இங்கே வந்து இறங்கினால் அரபிக்காரர்கள் எல்லோரையும் ஒரே வார்த்தையில், இந்தியர் என்கிற அர்த்தத்தில், 'ஹிந்தி' என்றார்கள். அப்பாடா, ஒரு வழியாக ஏதோ ஒன்றாகிவிட்டோம் என்று இருந்தது.

எமர்ஜென்சி முடிந்து, மயிலாத்தாளையும் மகள் சுமதியையும் அழைத்துக்கொண்டேன். கழிக்கு அக்கரையில் ஒரு பழைய கட்டடத்தின் மொட்டைமாடியில் ஒற்றை அறை கிடைத்தது. வந்த அன்றைக்கே மயிலாத்தாள் மாடியின் கைப்பிடிச் சுவரில் நின்று, "ஏனுங்க, உங்க ஓட்டலு எதுங்க?" என்றாள். காட்டினேன். கண்ணைச் சுருக்கி வெகு நேரம் அளந்து பார்த்தாள். அடுத்த நாளே பஜாருக்குப் போய் ஒரு அரிக்கேன் விளக்கு வாங்கி வந்துவிட்டாள்.

இங்கே ஏது ஆனை என்று சிரித்தேன். "பயம் இருக்குதுங்கள்ல?" என்றாள். இல்லை என்று எந்த வாயால் சொல்வது? அன்றிலிருந்து குளிர் மாதங்களில் பொழுது விழுந்ததும் நான் ஓட்டல் மாடியின் ஓரத்துக்குப் போய் ஒரு மேஜை விளக்கைத் தலைக்கு மேல் தூக்குவேன். அக்கரையில் அவள் தூக்குவாள். இரண்டு பேரும் மெதுவாக இறக்குவோம். பெண்டாட்டியும் பிள்ளையும் பத்திரம் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு அடுத்த மூச்சு வரும்.

இதில் வந்தது பாருங்கள் வினை. ஒரு நாள் ஒரு வெள்ளைக்கார அம்மாள் நான் விளக்குத் தூக்குவதைப் பார்த்துவிட்டு, சூரியனுக்கு நாங்கள் செய்கிற பூஜை என்று நினைத்துக் கைதட்டினாள். மறுநாள் அவள் நாலு பேரை அழைத்து வந்தாள். மேனேஜர் லெபனான்காரர், வியாபாரம் தெரிந்தவர். என்னைத் திட்டுவார் என்று நடுங்கிக்கொண்டு போனேன். அவரோ என் தோளில் தட்டி, இனிமேல் தினமும் செய், விடாதே என்று சொல்லி, ஒரு சிவப்புத் தலைப்பாகையும் கொடுத்தார். நம்ம பக்கத்து உருமால் இல்லை அது, சர்க்கஸில் யானையோடு வருகிறவன் கட்டுகிற மாதிரி ஜரிகை வைத்தது. அன்று முதல் நான் பயப்படுகிற வேளைக்கு மேஜை பிடிக்க ஆட்கள் முன்கூட்டியே சொல்லி வைக்க ஆரம்பித்தார்கள்.

4

இந்தக் குளிர் மாதத்தில் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. மயிலாத்தாளும் சுமதியும் இங்கே தங்குவதற்கான காகிதத்தின் தவணை முடிந்துவிட்டது. புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். ஆபீசுக்குப் போனால் ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர் 'புக்ரா' என்பார். அரபியில் நாளைக்கு என்று அர்த்தம். மறுநாள் போனாலும் அது நாளைக்குத்தான். போட்டோவில் மயிலாத்தாளின் காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். காது தெரிகிற மாதிரி எடுத்துக் கொடுத்தால், வேறு ஒரு முத்திரை குறைகிறது என்றார்கள்.

இதற்கு நடுவே, காகிதம் இல்லாதவர்களை வீடு வீடாக வந்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. யாரை ஏற்றினார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருந்ததுதான் என்னைத் தின்றது. யாராவது வந்து கதவைத் தட்டினால் திறக்காதே என்று மயிலாத்தாளிடம் சொல்லி வைத்தேன். "திறக்காட்டி ஒடைக்க மாட்டாங்களாங்க?" என்று அவள் கேட்டாள்.

சுமதிக்கு எட்டு வயது. அவளுக்கு இந்தக் கவலை எதுவும் தொடவில்லை. பள்ளியில் இங்கிலீஷ், படிக்கட்டில் விளையாடும்போது ஹிந்தி. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அப்பா என்பது டாடி ஆகி நாளாகிவிட்டது. ஒரு நாள் பள்ளியிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். அவள் சிநேகிதியின் அப்பா ஓட்டலுக்கு வந்திருந்தாராம். அவள் இங்கிலீஷில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்.

"டாடி, நீங்க அங்க டான்ஸ் ஆடறீங்களா?"

"டான்ஸா? விளக்குத்தான் கண்ணு காட்டறேன். அம்மாவுக்கு."

"எல்லாரும் சிரிக்கறாங்க. ரெட் டர்பன் போட்டுட்டு டான்ஸ்னு சொல்றாங்க. இனிமே காட்டாதீங்க."

மயிலாத்தாள் அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள். "கை தட்டுறாங்களா?" என்று மட்டும் மகளிடம் கேட்டாள். மகள் ஆமாம் என்றாள்.

5

போன வியாழக்கிழமை. இங்கே வெள்ளிதான் விடுமுறை, அதனால் வியாழன் சாயங்காலம் மாடியில் இடமே இருக்காது. அன்றைக்கு வானம் பார்க்கும்படியாகத்தான் இருந்தது. தோணிகளின் பாய்மரக் கம்பங்கள் கறுத்து, தண்ணீர் செம்பு நிறமாகி, அக்கரை வீடுகளின் காற்றுக் கோபுரங்களுக்கு நடுவில் சூரியன் உட்கார்ந்தது. கைதட்டினார்கள். நான் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு விளக்கை எடுத்து ஓரத்துக்குப் போய்த் தூக்கினேன்.

அக்கரையில் ஒன்றும் இல்லை.

கொஞ்சம் பொறுத்தேன். சமையலில் இருப்பாள், திரி நனைந்திருக்கும், தீப்பெட்டியைத் தேடுவாள் என்று ஒவ்வொன்றாக நினைத்தேன். இறக்கக் கூடாது என்பதே மறந்து, இறக்கி மறுபடி தூக்கினேன். பின்னால் மறுபடியும் கைதட்டல். இரண்டாவது தடவையும் செய்கிறேனே என்று அவர்களுக்குச் சந்தோஷம். மூன்றாவது தடவை தூக்கியபோது யாரோ விசில் அடித்தார்கள். அக்கரையில் எங்கள் மாடி மட்டும் கறுப்பாக இருந்தது, சுற்றி எல்லா வீட்டிலும் பல்ப் எரிந்தது.

ஜீப் வந்துவிட்டது. வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. கதவை உடைத்திருக்கிறார்கள். ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சுமதி இங்கிலீஷில் ஏதாவது சொல்லியிருப்பாள். மயிலாத்தாள் தமிழில் கேட்டிருப்பாள், எங்கே கூட்டிக்கொண்டு போறீங்க என்று. அவள் மொழியில் அவளுக்குப் பதில் சொல்ல அங்கே யார் இருந்திருப்பார்கள்?

மதுக் கவுண்டரில் நிற்கும் வர்கீஸ், திருச்சூர்க்காரன், அவனும் எங்கள் அக்கரையில்தான் குடியிருக்கிறான். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். "எந்து பற்றி அண்ணா?" என்றான், என்ன ஆயிற்று என்று, என் கையிலிருந்த விளக்கையும் வாங்கினான்.

"ஊட்டுல வெளக்கு இல்லை" என்றேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பிடித்து லிப்ட் பக்கம் தள்ளினான். எப்போதும் படியில் இறங்குகிறவன் அன்றைக்கு அந்த இரும்புப் பெட்டிக்குள் ஏறி நின்றேன். கதவு மூடியதும் சாமி பெயர் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

6

ஓட்டலின் பின்வாசல் சாமான் இறக்குகிற இடம். அங்கே காவல்காரர் கையை நீட்டி யாரையோ மறித்துக்கொண்டிருந்தார். கையின் அந்தப் பக்கம் மயிலாத்தாள், பச்சைச் சேலையில், தலை நிறையப் பூ இல்லாத குறையாகச் சிங்காரித்துக்கொண்டு. அவள் இடுப்பை ஒட்டி சுமதி.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! நடுரோட்டில் நின்று கத்தினேன். "அறிவிருக்குதா உனக்கு? காயிதம் இல்லாம கழியைத் தாண்டி வந்திருக்கறயே, எவனாவது புடிச்சிருந்தா? நான் மேல நின்னு செத்துட்டு இருக்கறேன்!" அவள் நான் கத்தி முடிக்கும் வரை நின்றாள். சுமதி அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"எப்பவும் நான் அக்கரையிலேயே நின்னு பாக்கறனுங்க" என்றாள் மயிலாத்தாள். "வெளிச்சந்தான் தெரியும், ஆளு தெரியறதில்லீங்க. கை தட்டுறாங்கன்னு புள்ள சொல்லுச்சு. ஒருக்கா நீங்க நிக்கற எடத்தைக் கிட்டத்துல பாத்துட்டு, பொழுது உளுகறதுக்குள்ள போயி வெளக்குக் காட்டிரலாம்னு வந்தமுங்க. அப்ரா தோணியில ஒரே கூட்டம். வந்தா, இவரு உள்ள உட மாட்டேங்கறாரு."

கோபம் அப்படியே இறங்கிவிட்டது. காவல்காரரிடம் கெஞ்சி இரண்டு பேரையும் வேலைக்காரர் படி வழியாக மேலே கூட்டிக்கொண்டு போனேன். மேனேஜர் கீழே விருந்தாளிகளோடு இருந்தார். வர்கீஸ் கவுண்டருக்குப் பக்கத்தில் இடம் போட்டு, சுமதிக்கு ஐஸ்கிரீம் கொடுத்தான்.

மயிலாத்தாள் கைப்பிடிச் சுவர் அருகே போனாள். முழுக்க இருட்டவில்லை. கழியின் இரு கரையிலும் விளக்குகள், தண்ணீரில் அவற்றின் நீளமான நிழல்கள், தோணிகளில் சமையல் நெருப்பு. "அடேயப்பா" என்றாள். "ஏனுங்க, தேர் கட்டி நிறுத்துன மாதிரி இருக்குதுங்களே. தினமும் இதைப் பாத்துட்டா நிக்கறீங்க?" அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்து ரொம்ப நாளாகிறது. பிறகு, "நம்மூடு எதுங்க?" என்று கேட்டுவிட்டு, நான் காட்டுவதற்கு முன்னால் அவளே கண்டுபிடித்தாள்.

சிரிப்பு நின்றுபோனது.

"ஏனுங்க" என்றாள், குரல் இறங்கி. "அங்க வெளக்கு இல்லீங்க."

"நீதான் இங்க இருக்கறயே, புள்ள."

"தெரியுதுங்க." பக்கத்து மேஜையிலிருந்த விளக்கை எடுத்தாள். நான் தினமும் நிற்கிற அதே இடத்தில் நின்று தலைக்கு மேல் தூக்கினாள். யாரும் கைதட்டவில்லை. தலைப்பாகை இல்லாத பொம்பளை எதற்குத் தூக்குகிறாள் என்று பார்த்தார்கள். "இறக்கு, போதும்" என்றேன். அவள் கண்ணை அக்கரையை விட்டு எடுக்கவில்லை. "எறக்கத்தான் பாக்கறனுங்க. கை எறங்க மாட்டேங்குதுங்க."

சுமதி ஸ்பூனை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "அம்மா, அங்க யாருமே இல்லையே. யாரு காட்டுவாங்க?" முழு வாக்கியமும் தமிழில் வந்தது. மயிலாத்தாள் விளக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டதை மகள் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பா, நீங்க போங்க. போய்க் காட்டுங்க" என்றாள். டாடி இல்லை, அப்பா. வர்கீஸ், என் டூட்டி முடியப் போகிறது, இவர்களை நான் கூட்டி வருகிறேன், அண்ணன் போங்கள் என்றான்.

7

அப்ராவில் உட்கார்ந்து கழியைத் தாண்டினேன். முதுகுக்குப் பின்னால் ஓட்டல். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சந்தில் நுழைந்தபோது ஒரு ஜீப் நின்றிருந்தது, அதைக் கடக்கும்போது மூச்சு விடவில்லை. அது கோழிக்கடைக்காரருடையது. படியேறி மாடிக்கு வந்து, பூட்டிய கதவைப் பார்த்தேன். உடையவில்லை. அப்படியே இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தேன்.

அரிக்கேன் விளக்கு கதவுக்கு வெளியே, அவள் வழக்கமாக வைக்கும் இடத்தில், துடைத்த கண்ணாடியோடு இருந்தது. காற்றில் குச்சி அணைந்து அணைந்து போயிற்று. கடைசியில் ஏற்றி, சுவரோரம் வந்து, தலைக்கு மேல் தூக்கி, எதிரே பார்த்தேன்.

அக்கரை முழுக்க விளக்குகள். நான் வந்த வருஷம் அங்கே இவ்வளவு கட்டடம் கிடையாது. ஓட்டலுக்கு இடப்புறம் பச்சை எழுத்துப் பலகை, வலப்புறம் சிவப்பு, மாடி முழுக்க மேஜைக்கு மேஜை நான் ஏற்றி வைத்த விளக்குகள். எல்லாம் கலந்து ஒரே பொட்டும் புள்ளியுமாக இருந்தது. இதில் அவள் விளக்கு எது? ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தெரியவில்லை. மேனேஜர் மேலே வந்து அனுப்பிவிட்டாரா, யாராவது காகிதம் கேட்டார்களா? பரணில் உட்கார்ந்து கேட்டேனே, மூங்கில் ஒடிகிற அந்தச் சத்தம் மறுபடி காதில் கேட்டது. மயிலாத்தா என்று கூப்பிட்டேகூட விட்டேன், அத்தனை தண்ணீருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு.

அப்போது அத்தனை வெளிச்சங்களில் ஒன்றே ஒன்று மட்டும் மெதுவாகக் கீழே இறங்கியது.

அது இறங்கிய பிறகுதான் அதுதான் என்று எனக்குத் தெரிந்தது. கடுகளவு இருந்தது. இத்தனை நாளும் இவ்வளவுக்கு நடுவில் என்னை அவள் எப்படிக் கண்டுபிடித்தாள், இத்தனூண்டு வெளிச்சத்தை நம்பி எப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள்?

வழக்கப்படி நானும் இறக்கியிருக்க வேண்டும். கழியில் ஒரு அப்ரா இந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தது. கை வலித்தது, மறு கைக்கு மாற்றிக்கொண்டேன். படியில் இரண்டு பேர் ஏறி வரும் சத்தம் கேட்கும் வரை இறக்கவில்லை.